குப்பி சீவ ஒரு கருவி

என் வீட்டுக்காரருக்கு ஒரு கண்தான். இடது கண் யுத்தத்தில் போனது என்று புதுச்சேரியில் எங்கள் முத்தியால்பேட்டை முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. அவரும் யாரையும் திருத்தவில்லை. உண்மையில் அது சைகோனில் ஒரு சோடா பாட்டிலால் போனது. வெயிலில் கிடந்த பாட்டிலை யாரோ திறக்க, அது வெடித்துக் கண்ணாடிச் சில்லு தெறித்திருக்கிறது. கல்யாணமான புதிதில் இதை என்னிடம் மட்டும் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு. அவர் இப்போது இல்லை. நிபந்தனையும் அவரோடு போயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

பிரெஞ்சு ராணுவத்தில் சேவை முடித்துத் திரும்பியவர்களைச் சொல்தா என்று சொல்லுவோம். எங்கள் தெருவில் சொல்தாக்கள் பலர் இருந்தார்கள். பென்ஷன் வாங்குவார்கள், மீசையை முறுக்குவார்கள், பழைய கதையைப் புதிதாகச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத ரகம். ஆனால் அவரிடம் ஒரு ரைபிள் இருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு அதிகாரியிடமிருந்து வாங்கிய வேட்டை ரைபிள். அதைத் துடைக்கிற நேரத்தில் அவரைக் கூப்பிட்டால் காது கேட்காது. ஒற்றைக் கண்ணோடு எப்படிச் சுடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "சுடும்போது இடது கண்ண எப்படியும் மூடணும். எனக்கு அந்த வேல மிச்சம்" என்பார். இந்த ஒரு நகைச்சுவையை வைத்துக்கொண்டே பதினைந்து வருஷம் ஓட்டினார்.

ரைபிளுக்கு வேலை இருந்தது. என் அக்காவைச் செஞ்சி மலையடியில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான் விவசாயம். காய் முற்றுகிற சமயத்தில் காட்டுப்பன்றி இறங்கி ஒரே இரவில் ஒரு காணி நிலத்தை உழுதுவிட்டுப் போகும். அக்கா வீட்டுக்காரர் ஆள் அனுப்புவார். என் வீட்டுக்காரர் ரைபிளோடு பஸ் ஏறுவார். இரண்டு பன்றி விழுந்தால் மற்றவை கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் வராது. அவர் திரும்பி வரும்போது ஒரு மூட்டை மல்லாட்டையும் இலையில் கட்டிய கறியும் வரும். அந்த வீட்டில் மரியாதை என்றால் அவருக்குத்தான். நான் கூடப் பிறந்தவள், எனக்கு அவ்வளவு கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய பிறகு தோட்டா வருவது நின்றது. இருந்த பெட்டிகள் தீர்ந்தன. சென்னையில் கேட்டால், அந்த அளவு தோட்டா சீமையிலிருந்து வரவேண்டும், இறக்குமதிக்கு அனுமதி இல்லை என்று கையை விரித்தார்கள். வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கிற கேப்பும் ஈயக் குண்டும் மட்டும் லைசென்ஸைக் காட்டினால் கிடைத்தன. ஆகவே, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளையே மறுபடி நிரப்ப ஆரம்பித்தார். கூட்டுக்கு அவர் ஏதோ ஒரு பிரெஞ்சுப் பெயர் சொல்வார். எனக்கு அது அத்தர் குப்பி மாதிரி இருந்ததால் குப்பி என்றே சொல்வேன். கடைசியில் அவரும் குப்பி என்றுதான் சொன்னார்.

இந்தக் குப்பி விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு தடவை சுடும்போதும் சூட்டிலும் அழுத்தத்திலும் பித்தளை கொஞ்சம் நீளும். கண்ணால் பார்த்தால் தெரியாது. நாலைந்து தடவை சுட்ட குப்பியின் வாய், ரைபிளுக்குள் அதற்கென்று விட்டிருக்கும் இடத்தைத் தாண்டிப் போய் நெருக்கும். குண்டு வெளியே போக வழி இறுகிவிடும். அப்போது வெடியின் வேகம் முன்னால் போகாமல் பின்னால் திரும்பும். பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம். ஆகவே, நீண்ட குப்பியின் வாயை மறுபடி பழைய அளவுக்குச் சீவ வேண்டும். எல்லாம் ஒரே அளவாக, நேராக, பிசிறு இல்லாமல்.

முதலில் அவர் கவலைப்படவில்லை. மில்லில் பிட்டராக இருந்த ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். அவரிடம் சொல்லி ஒரு கெட்டி இரும்புத் தகடு செய்துகொண்டார். தகட்டில் குப்பி நுழைகிற துளை. குப்பியை நுழைத்தால் அளவுக்கு மேலே உள்ள வாய் மட்டும் வெளியே நிற்கும். அதை அரத்தால் ராவிவிட வேண்டியதுதான். பிட்டர் கூலி வாங்கவில்லை. கறி வந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்றார்.

அந்த வருஷம் அக்கா ஊருக்குப் போய்விட்டு வந்தவரின் வலது கன்னத்தில் கரி அப்பியிருந்தது. பஸ்ஸில் இத்தனை தூரம் வந்தும் போகவில்லை. ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். கரி இல்லை, தோலுக்குள் இறங்கிய மருந்துப் பொடி. கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே.

"என்னங்க இது?"

"ஒரு குப்பி கொஞ்சம் நீளமா இருந்துட்டுது. புக பின்னால வந்துட்டுது. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா? இந்தக் கண்ணும் போயிட்டா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குளிக்கப் போய்விட்டார். இரண்டு கண் இருக்கிறவர்கள் ஒன்றை இழந்தால் இன்னொன்று இருக்கிறது. இந்த மனுஷருக்கு இருப்பது ஒன்று. அதைக் கொண்டுபோய் ஒரு வெடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒண்ணும் இல்ல என்கிறார். ரைபிளை விற்றுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காது கேட்காத நேரமாக அது இருந்தது.

சரி, விற்க மாட்டார். அப்படியானால் குப்பி சரியாகச் சீவப்பட வேண்டும். நான் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னக் கற்றவள். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் சிஸ்டர் முழுதையும் பிரிக்கச் சொல்வாள். அந்தக் கையோடு அவர் சீவிய குப்பிகளை எடுத்து வரிசையாக மேசையில் நிற்க வைத்துப் பார்த்தேன். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று வாய் கோணல். பூசைக்குக் கூட்டிப்போன பிள்ளைகள் மாதிரி நின்றன.

பிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு குப்பியை நுழைத்து அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். வாய் நேராக வந்தது.

"தகடு சரியாத்தான் இருக்குது மதாம்."

"பின்ன இதெல்லாம்?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு குப்பிகளைப் பார்த்தார். "முசேவுக்கு அரம் பழக்கமில்ல போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தன் வேலையை விட்டுக்கொடுக்காத ஆள் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், "மில் இரும்பு. அவ்வளவுதான் வரும்" என்றார்.

ஆகவே சென்னைக்குப் போனோம். மவுண்ட் ரோடு பக்கம் துப்பாக்கிக் கடை. கடைக்காரர் வயதானவர், கதர்ச் சட்டை போட்டிருந்தார். துப்பாக்கி விற்கிறவர் கதர் போட்டிருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கேட்டதும் மூன்று தினுசை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

முதலாவது புத்தம் புதியது, இங்கிலீஷ் சாமான். பச்சை வெல்வெட்டில் படுத்திருந்தது. அதை எடுத்துப் பார்க்கவே அவர் எங்களை விடவில்லை, விலையை மட்டும் சொன்னார். நாங்கள் அடுத்ததைப் பார்த்தோம். இரண்டாவது கையில் வைத்துத் திருகுவது. பென்சில் சீவுகிற மாதிரி குப்பியின் வாயில் வைத்துத் திருக வேண்டும். விலை சல்லிசு. ஆனால் எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு சீவும். எங்கே நிறுத்துவது என்பது கை நிதானம். அவருடைய கை நிதானத்தைத்தான் நான் மேசையில் வரிசையாகப் பார்த்திருந்தேனே. வேண்டாம் என்றேன். மூன்றாவது பழையது, யாரோ ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வந்தது. மேசை ஓரத்தில் பூட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுவது. ஒரு பக்கம் குப்பியின் அடியைப் பிடிக்கிற இடுக்கி, இன்னொரு பக்கம் வெட்டுகிற பல், நடுவில் குப்பியின் வாய்க்குள் நுழைந்து அதை ஆடாமல் வைக்கிற கம்பி. எந்த அளவில் வெட்டு நிற்க வேண்டும் என்று ஒரு திருகை வைத்துப் பூட்டிவிடலாம்.

என் வீட்டுக்காரர் பல்லைப் பார்த்தார். கூர்மை இருக்கிறதா என்று நகத்தில் உரசினார். ஆண்பிள்ளைகள் எந்தக் கருவியை வாங்கினாலும் முதலில் கூரைத்தான் பார்க்கிறார்கள். கூர் போனால் தீட்டிக்கொள்ளலாம். நான் அந்தப் பூட்டுத் திருகைப் பார்த்தேன். இறுக்கிவிட்டுக் கைப்பிடியை வேகமாகச் சுற்றினேன். பழைய சாமானில் திருகு நழுவினால் ஒவ்வொரு குப்பியும் ஒவ்வொரு அளவாகும், அதற்கு அந்தத் தகடே தேவலை. நழுவவில்லை. பிறகு நடுக் கம்பியை அசைத்தேன். ஆடவில்லை. எங்கள் அளவுக்குக் கம்பியும் இடுக்கியும் உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கொட்டித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"அம்மாதான் சுடறவங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கிறவ."

அவர் சிரித்து, விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அப்படியும் கையைக் கடித்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இனி அந்தக் கண்ணுக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியாக இருந்தது.

நிம்மதி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. குப்பிகள் மறுபடி ஏறுக்கு மாறாக வந்தன. முன்பைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சில குப்பிகள் ரைபிளில் நுழையவே மறுத்தன. அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குற்றவாளியைக் கண்டுபிடித்தார்.

"இஞ்சு."

அந்தக் கருவியில் அளவுக்கோடுகள் அங்குலக் கணக்கில் இருந்தன. அவருக்கும் எனக்கும் அந்தக் கணக்கு ஆகாது. அவர் ராணுவத்தில் மில்லிமீட்டரில் வளர்ந்தவர், நான் கான்வென்ட்டில் சென்டிமீட்டரில் வளர்ந்தவள். எல்லைக்கு அந்தப் பக்கம், மெட்ராஸில், ஆயிரத்தில் இத்தனை பங்கு இஞ்சு என்பார்கள். அவர் சுவரில் கரிக்கட்டியால் பெருக்கி வகுத்துப் பார்ப்பார். ஒரு தடவை வந்த விடை அடுத்த தடவை வராது.

இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று நான் அதை முழுதாக நம்பினேன். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். அந்த வருஷங்களில் புதுச்சேரியில் எது கெட்டாலும் காரணம் ஒன்றுதான். ரொட்டி கல்லாக இருந்தால் மாவு இப்போது மெட்ராஸிலிருந்து வருகிறது. பாவாடைத் துணி சாயம் போனால் பிரெஞ்சுத் துணி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மூட்டு வலி. அதற்கும் அவள், முன்னே கிடைத்த தைலம் இப்போது கிடைக்கவில்லை என்பாள், வயது அறுபத்தைந்து என்பதைச் சொல்ல மாட்டாள். ஆட்சி மாற்றத்துக்கு முன்னே எல்லாம் சரியாக இருந்தது, பின்னே எல்லாம் கோணிவிட்டது. மாற்றம் வேண்டும் என்று கொடி பிடித்தவர்களும் வீட்டுக்குள் இதையேதான் சொன்னார்கள். ஆகவே, குப்பி கோணினால் அது இஞ்சின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த பருவத்துக்கு அவர் அந்தக் குப்பிகளில் தேறியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அக்கா ஊருக்குப் போனார். அவர் வரும்வரை நான் தினமும் கோவிலில் மெழுகுவத்தி வைத்தேன். கண்ணோடு வந்தார், பன்றி ஏதும் விழவில்லை. தோட்டா சரியில்லை என்றார்.

மில்லிமீட்டரில் ஒரு கருவி வேண்டும் என்று இருவரும் முடிவு கட்டினோம். அது எங்கே கிடைக்கும்? கிளம்புகிற பிரெஞ்சுக்காரர்களிடம்தான். வெள்ளைக்காரத் தெருக்களில் அப்போதெல்லாம் வீட்டுச் சாமான் விற்பனை நடந்துகொண்டே இருக்கும். கப்பலில் ஏற்ற முடியாததை எல்லாம் முற்றத்தில் பரப்பி வைப்பார்கள். அலமாரி, ஆளுயரக் கண்ணாடி, நாய்க்கூண்டு, பியானோ. நான் வீடு வீடாகப் போனேன். அவருக்கு இப்படிப் போவது கௌரவக் குறைச்சல். எனக்கு அப்படி எதுவும் இல்லை. யாராவது வேட்டைக்காரர் இருந்தாரா என்று சமையல்காரர்களிடம் விசாரிப்பேன். எந்த வீட்டில் யார் எதைச் சுட்டுக் கொண்டுவந்தார்கள் என்பது உரித்தவனுக்குத்தானே தெரியும்.

மூன்றாவதோ நாலாவதோ வீட்டில் கிடைத்தது. அந்த வீட்டு முசே எங்கள் அளவு ரைபிளே வைத்திருந்தவர். அவர் முன்னமே போய்விட, மதாம் மட்டும் சாமானை விற்றுக்கொண்டிருந்தாள். சமையலறைச் சாமான்களோடு மரப்பெட்டியில் அது இருந்தது. சின்னக் கைப்பிடி, வழுவழுப்பான எஃகு, மில்லிமீட்டர் கோடுகள். மதாம் அதைக் காப்பிக்கொட்டை அரைக்கிற யந்திரத்தில் ஒரு பாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திருத்தவில்லை. ஆனால் சும்மா தூக்கிக்கொண்டும் வரவில்லை. நான் பின்னிய லேஸ் மேசைவிரிப்பு ஒன்றை அவளிடம் முன்னமே காட்டியிருந்தேன், அவளுக்கு அதன்மேல் ஆசை. அதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். அந்த விரிப்பை முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. வருத்தமில்லை. பூட்டுத் திருகை அங்கேயே இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அவர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது கருவி" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாகப் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடித்து வந்து, முற்றத்தில் மேசையைப் போட்டோம். தலைக்குமேல் வானம் திறந்திருந்தது, வெயில் நேராக மேசையில் விழுந்தது. அவர் கருவியைப் பூட்டினார். நான் மில்லிமீட்டரில் நீளம் அளக்கிற கவையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். இனி ஒவ்வொரு குப்பியையும் நான் அளந்த பிறகுதான் மருந்து போட வேண்டும் என்று முன்பே சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தேன்.

முதல் குப்பியைச் சீவிக் கொடுத்தார். அளந்தேன். சரியாக இருந்தது. இரண்டாவது குட்டை. மூன்றாவது அதைவிடக் குட்டை, வாயும் கோணல். அவர் கவனமாகத்தான் செய்தார், அவசரம் எதுவும் இல்லை. திருகு நழுவவில்லை, நானே தொட்டுப் பார்த்தேன். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு மழைக்கால லேஸ் போயிற்றே என்று நினைத்தேன். பிறகு அவர் குப்பியைப் பொருத்துகிற இடத்தைப் பார்த்தேன்.

குப்பியின் அடியைப் பிடிக்கிற இடுக்கிக்குள், முன்னே சீவியதில் விழுந்த பித்தளைச் சுருள் ஒன்று கிடந்தது. சின்னதுதான், சீரகம் அளவு. அதன்மேல் குப்பியை வைத்து இறுக்கினால் குப்பி முன்னால் தள்ளி, சாய்ந்து நிற்கும். வெட்டுகிற பல் அதிகமாக வெட்டிவிடும். வெயிலில் அந்தச் சுருள் மூக்குத்தி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"அத எடுத்துட்டு வையுங்க" என்றேன்.

"எத?"

"பிசிறு கெடக்குது பாருங்க. இடுக்கியில."

அவர் குனிந்து பார்த்தார். தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "எங்க?" என்றார்.

"அதோ."

அவர் விரலை வைத்தார். சுருளுக்குப் பக்கத்தில் வைத்தார். விரல் இடுக்கியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய், சுருளைத் தாண்டி, மறுபடி திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அது விரலில் குத்தியது. எடுத்து மேசைமேல் வைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலீங்களா?"

அவர் சுருளை விரலால் மேசைமேல் உருட்டினார். "நேரா பாத்தா தெரியல" என்றார். "நடுவுல ஒரு புக மாதிரி. சுத்தி இருக்கறது தெரியுது. பாக்குற எடம் மட்டும் இல்ல."

"எப்பத்திலேர்ந்து?"

"அந்தத் தகடு செஞ்ச வருஷத்திலேர்ந்து. அப்ப கொஞ்சம்."

"இஞ்சுன்னு சொன்னீங்களே."

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம், அப்படியே நெனச்சிக்கிட்டு இருந்தா நல்லதுன்னு தோணிச்சு."

நான் போன பருவத்தை நினைத்தேன். "அக்கா ஊருல எப்படி சுட்டீங்க?"

"சத்தத்த வச்சு."

அந்த வயலில் வரப்பில், அவரிடமிருந்து கூப்பிடு தூரத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். இருமுகிற மனுஷர். அந்த இருமலைப் பன்றியின் உறுமல் என்று இவர் நினைத்திருந்தால்? வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன், இங்கே எழுதத் தேவையில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் நிறுத்திய பிறகு, "அதான் திரும்பி வந்துட்டேன்" என்றார். "ரெண்டு தடவ சுட்டேன். அப்புறம் பயம் வந்துட்டுது. தோட்டா சரியில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அதற்குமேல் கோபத்தை வைத்திருக்க எனக்குத் தெம்பில்லை. இத்தனை வருஷம் அந்தக் கண்ணை வெடி கொண்டுபோய்விடும் என்று தகட்டையும் திருகையும் கோட்டையும் சோதித்துக்கொண்டிருந்தேன். அது வெடி கிடி எதுவும் இல்லாமல், என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, தானாகப் போய்க்கொண்டிருந்தது. அழுதேன். முற்றத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கத்தான் அழுதேன். அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணின் பின்பக்கம் தேய்கிறது, கண்ணாடி போட்டுப் பயனில்லை, ஆபரேஷனுக்கும் வழியில்லை என்றார். முழு இருட்டாகாது, நடு மட்டும் போகும் என்றார். இதை ஆறுதலாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மிச்சமிருந்த குப்பிகளை நானே சீவினேன். யாரும் சுடப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் பாதியில் விட்ட வேலை எனக்கு ஆகாது. ஒவ்வொரு தடவையும் இடுக்கியை ஊதி, துணியால் துடைத்து, குப்பியை வைத்து, மெதுவாகச் சுற்றினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்த குப்பிகளை எடுத்து வாயை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றைக்கூடத் திருப்பித் தரவும் இல்லை.

ரைபிளை விற்பது என்று அவரேதான் முடிவு செய்தார். அக்கா வீட்டுக்காரர் ஆள் அனுப்பியபோது, தோட்டா கிடைக்கவில்லை, இனி வருவதற்கில்லை என்று சொல்லி அனுப்பினார். தெருவில் சொல்தாக்கள் கேட்டபோதும் அதையே சொன்னார். பிரெஞ்சுக்காரன் போனான், தோட்டாவும் போனது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதைவிட நம்பும்படியான காரணம் எங்கள் ஊரில் கிடையாது. நானும் தலையாட்டினேன்.

சர்க்கார் அனுமதி எல்லாம் வாங்கிக்கொண்டு சென்னைக்கு, அதே கதர்ச் சட்டைக்காரரிடம் போனோம். படிக்கட்டில் ஏறும்போது என் வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்தார். தெருவில் அவர் என்னைத் தொட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. பார்க்கிறவர்களுக்கு வயதானவர்களின் செல்லம் மாதிரி இருந்திருக்கும்.

கடைக்காரர் ரைபிளைத் திறந்து குழாய்க்குள் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு குப்பிப் பையைக் கொட்டினார். ஒன்றை எடுத்து அளந்தார், இன்னொன்றை அளந்தார். அப்புறம் எல்லாவற்றையும் கண்ணாடிமேல் நிறுத்தி, குனிந்து, மட்டத்தில் பார்த்தார்.

"இந்த மாதிரி நான் பாத்ததில்ல. எல்லாம் ஒரே அளவு. எதுல சீவினீங்க?"

"பிரெஞ்சு மெஷின்" என்றார் என் வீட்டுக்காரர், மீசையைத் தடவிக்கொண்டு. "மில்லிமீட்டர். உங்க இஞ்செல்லாம் இதுக்கு ஒத்து வராது."

"அது சரி" என்றார் கடைக்காரர். "கண்ணு நல்லா இருக்கறவர் கையும் வேணுமே."

நான் தெருவில் போகிற டிராம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிராம் நின்று பல வருஷமாகியிருந்தது, தண்டவாளத்தை இன்னும் எடுக்கவில்லை.

கடைக்காரர் காகிதத்தை எழுதி முடித்து எங்கள் பக்கம் தள்ளினார். என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டு, காகிதத்தை நேராகப் பார்த்தபடி இருந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் சுண்டுவிரலை வைத்தேன். அவர் இடது கையால் என் விரலைத் தேடிப் பிடித்து, அதை ஒட்டினாற்போல், ராணுவத்தில் பழகிய பெரிய கையெழுத்தைப் போட்டார். முடித்த பிறகும் விரலை விடவில்லை.